தன் அளவுகளைத் தானே சுமந்த படகு

அந்த வீட்டுக் குசினியில் ஒவ்வொரு சட்டியோடும் அதன் மூடி நூலால் கட்டப்பட்டிருக்கும். முதல் முறை கண்டபோது அந்தோனியாருக்கு ஏதும் நேர்த்திக்கடனோ என்று நினைத்து, அக்காவின் தாயாரிடமே கேட்டேன்.

"நேர்த்தியும் இல்லை, ஒண்டும் இல்லைத் தம்பி. மூடியைத் தேடிக்கொண்டு திரியக் கூடாதாம். சட்டி எங்கயோ மூடியும் அங்க நிக்கோணுமாம். கழுவேக்க நான் படுற பாடு எனக்கெல்லோ தெரியும். மகள் கொழும்பில இருந்து கொண்டுவந்த வித்தை இது."

அக்கா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அம்மா, இந்தக் கிழமை ஒரு மூடியாவது தேடினீங்களோ?" என்று கேட்டார். தாயார் அடுப்பை ஊதினார். அவர் தேடியிருக்கவில்லை.

அக்கா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். பெயரை எழுதினால் தீவில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். தெரிந்தால் அவருக்கு நோகும். இனியும் அவருக்கு நோக வேண்டாம் என்பது என் எண்ணம். எனக்கு மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. போட்டோக் கொப்பி எடுப்பது, பழுதான கணினி திருத்துவது, வாசலில் வந்து நின்று கடதாசிப் பெட்டியைத் தின்னும் கழுதைகளைக் கலைப்பது, இவ்வளவும் என் தொழில். அக்கா மடிக்கணினி திருத்த வந்துதான் பழக்கமானார். வந்த அன்றைக்கே என் மேசை லாச்சியைத் திறந்து, உள்ளே சிக்குப்பட்டுக் கிடந்த சார்ஜர்களை எல்லாம் பிரித்து, எது எந்தப் போனுக்கு என்று கேட்டுக் கேட்டு அந்தந்தப் போனோடு ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டுத்தான் போனார். என் மனைவி இதைக் கேள்விப்பட்டு, "அவவை ஒருக்கா எங்கட வீட்டுக்கும் வரச் சொல்லுங்கோவன்" என்றாள்.

அவரோடு பேசுவதும் லேசான காரியம் இல்லை. ஒருநாள் சும்மா, "சரியான வெயிலக்கா" என்றேன்.

"எங்க?"

"இஞ்சதான்."

"இஞ்ச எண்டா? உன்ர கடைக்குள்ளயோ, ரோட்டிலயோ, நானாட்டானில வயலுக்குள்ள நிக்கிற மனுசனுக்கோ?"

வெயில் என்று ஒன்று தனியாக இல்லையாம். விழுகிற இடம், நேரம், அதில் நிற்கிற ஆள், எல்லாம் சேர்ந்ததுதான் வெயிலாம். எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி சொல்லவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கொழும்பில் அவர் பார்த்த வேலை, நடக்கப்போவதைக் கணினிக்குள் முன்கூட்டியே நடத்திப் பார்ப்பது. துறைமுகத்துக்குள் லொறிகள் எந்த நேரம் எங்கே நெருக்குப்படும் என்று உண்மையான லொறிகள் வருவதற்கு முன்பே திரையில் ஓட்டிப் பார்த்துச் சொல்வார்கள். அக்கா அதை "ஒத்திகை" என்பார். தகப்பன் செத்த பிறகு தாயைப் பார்க்கவென்று அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். ஊர் என்றால் தீவின் தென்கரை. கோயிலைச் சுற்றி மீன்பிடிக் குடும்பங்கள். அவருடைய ஒரே தம்பியும் கடலுக்குப் போகிறவன்தான். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கலியாணம் முடித்து அடுத்த வளவில் இருந்தான். அக்கா எதைச் சொன்னாலும் "சரி பெரியம்மா" என்று பகிடிக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடுவான். அவனைத் திட்டும்போது மட்டும்தான் அக்காவின் முகத்தில் சிரிப்பைக் கண்டிருக்கிறேன்.

கரையில் அடிக்கடி வலை அறுந்துபோகும். போட்ட இடத்திலிருந்து நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு வலை போனால் ஒரு வீடு அப்படியே உட்கார்ந்துவிடும். அக்கா இதைப் பார்த்துவிட்டு, காற்றையும் நீரோட்டத்தையும் கணினிக்குக் கொடுத்து, வலை இப்போது எங்கே மிதக்கும் என்று ஓட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

முதலில் எழுதியது எனக்குக்கூட விளங்கியது. 'நகர்த்து' என்று ஒரு செயல். அதற்குப் பின்னால் வரிசையாக அளவுகள்: பாரம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், எஞ்சின் எது, மண்ணெண்ணெய் எவ்வளவு. வலைக்கும் அதே செயல், படகுக்கும் அதே செயல். ஒவ்வொரு முறையும் அது ஒவ்வொன்றாகக் கேட்கும், நாங்கள் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். பாரம் கேட்கிற இடத்தில் நீளத்தை அடித்தாலும் அது கோபிக்காது, தந்ததை வாங்கிக்கொண்டு பிழையான இடத்தைக் காட்டும். ஒருநாள் அக்கா ஒருவருடைய வலையின் பாரத்தை இன்னொருவருடைய வலைக்குக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் சிலாவத்துறைப் பக்கம் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். அக்கா இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று தாயார் சொன்னார்.

அதற்குப் பிறகு முழுவதையும் குலைத்துப்போட்டுத் திரும்ப எழுதினார். இனி அளவுகள் வெளியே அலையக் கூடாது. ஒவ்வொரு படகும் ஒரு பொருள். அதன் பாரம், நீளம், எஞ்சின், மண்ணெண்ணெய்க் கலன் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். எப்படி நகர்வது, எவ்வளவு குடிப்பது என்கிற செயல்களும் அதற்குள்ளேயே. கரையில் இருந்த படகுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போய் அளந்து உள்ளே போட்டார். பிறகு எவருடைய படகு என்று சொன்னால் போதும், மற்றதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

"பார்," என்று என் கடைக் கதிரையில் இருந்துகொண்டு அவர் எனக்குக் காட்டினார். "படகு தன்ர பாரத்தைத் தானே வைச்சிருக்கட்டும். நான் ஏன் அதை வெளியால தூக்கிக்கொண்டு திரியோணும்? ஆரும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை, ஆரும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

அவர் அப்படி நிறைவாக இருந்து நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

அது நன்றாகவே ஓடியது. வலைகள் கிடைத்தன. எல்லாம் இல்லை, ஆனால் முன்பு கிடைக்காதவை கிடைத்தன. முசலிப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவர், தன் வலை கிடைத்த சந்தோசத்தில் ஒரு பொதி கருவாட்டோடு என் கடைக்கு வந்து, "மாஷா அல்லாஹ், அந்தத் தங்கச்சிக்குக் குடுங்கோ தம்பி" என்று தந்துவிட்டுப் போனார். கரையில் அக்காவுக்கு ஒரு மதிப்பு வந்தது. மதிப்பு என்றால் கொஞ்சம் விபரீதமான மதிப்பு. கொம்பியூட்டருக்கு எல்லாம் தெரியும் என்று பேசிக்கொண்டார்கள். வலை போனவன் வந்து பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், வைத்தியரிடம் நாடியைக் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி. வேறு ஒரு விவரமும் அவனிடம் எவரும் கேட்பதில்லை.

வாடைக்காற்றுக் காலத்தில் ஒருநாள், பின்னேரம் கடலுக்குப் போன சின்னவன் விடியத் திரும்பி வரவில்லை.

முந்தின நாள் பொழுதுபடுகிற நேரம் காற்று திடீரென்று எழும்பியிருந்தது. எனக்கு அக்கா போன் எடுத்தார். கரையில் கரண்ட் இல்லை, மடிக்கணினிக்குப் பற்றரி வேண்டும் என்றார். கடையைப் பூட்டிவிட்டு, இருந்த பெரிய பற்றரியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கோயில் மண்டபத்தில் மேசை போட்டு அக்கா இருந்தார். சுற்றிவர ஆட்கள். சின்னவனின் மனைவி தரையில் தூணோடு சாய்ந்து இருந்தாள். கடற்படைக்கும் அறிவித்திருந்தார்கள், ஆனால் ஊர்ப் படகுகள் அதுவரை பொறுக்கிறதாக இல்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று மட்டும் கேட்டு நின்றன.

காற்று எழும்பியவுடன் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் நின்றிருக்கும் என்று அனுபவசாலிகள் எல்லோரும் சொன்னார்கள். ஆகவே காற்று எழும்பிய நேரத்தில் அவன் எங்கே நின்றான் என்பதுதான் கேள்வி. அங்கிருந்துதான் இழுபட்டிருப்பான். அவன் தூரத்துப் பாருக்கு, அதாவது வெளிக்கடலில் மீன் அடைகிற கற்பாறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன். அக்கா அவனுடைய படகைக் கூப்பிட்டார். படகு தன்னுடைய எல்லாவற்றையும் தனக்குள்ளேயே வைத்திருந்தது. புறப்பட்ட நேரத்தை மட்டும் கொடுத்தார். பெரிய எஞ்சின் பூட்டிய அந்தப் படகு, காற்று வருவதற்கு முன்பே பாரடிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து காற்று இழுக்க, தென்மேற்காக நகர்ந்து, நன்றாக வெளியே ஓரிடத்தில் நின்றது.

அக்கா இடத்தைச் சொன்னார். படகுகள் நேரே அங்கே ஓடின. கிட்டக் கடலில் ஒருவரும் மினக்கெடவில்லை. இடம் தெரிந்த பிறகு ஏன் மினக்கெட வேண்டும்?

பகல் முழுக்கத் தேடினார்கள். ஒரு மிதப்புக் கட்டைகூடக் கிடைக்கவில்லை. பின்னேரம் மண்ணெண்ணெய் நிரப்ப முதல் படகு கரைக்கு வந்தது. அதை ஓட்டிவந்தவன் சின்னவனின் மனைவியுடைய அண்ணன். முகமெல்லாம் உப்புப் பூத்து, கண் சிவந்து, மற்ற எல்லோரையும்விட அதிகமாக அலைந்தவன் அவன்தான். அக்கா தண்ணீருக்குள் இறங்கிப் போய், படகின் பின்பக்கத்தில் நின்று எஞ்சினைப் பார்த்தார். நான் கரையில் நின்றேன்.

பிறகு கேட்டார்: "இது ஆரின்ர எஞ்சின்?"

"சின்னவன்ரதானே அக்கா."

"ஏன் உன்னட்ட நிக்குது?"

"நான் இந்தக் கிழமை தூரம் போறதெண்டு கேட்டனான். தன்ரதைக் கழட்டித் தந்துபோட்டு என்ர சின்ன எஞ்சினைக் கொண்டு போனவர். நாங்கள் இடைக்கிட மாத்துறனாங்கள்தானே."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவன் விளங்காமல் அக்காவைப் பார்த்தான். "நீங்கள் கேக்கேல்லையே அக்கா. கொம்பியூட்டருக்குத் தெரியும்தானே எண்டு இருந்திட்டம்."

எங்கள் கரையை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இங்கே எஞ்சின் ஒரு படகிலேயே குடியிருப்பதில்லை. மச்சான் கேட்டால் மச்சானுக்குப் போகும், பெறாமகனுக்குக் கலியாணச் செலவு வந்தால் ஒரு மாதம் அங்கே நிற்கும், பழுதானவனுக்கு இரவல் போகும். கொடுக்காதவனைக் கரையில் மனிதனாக மதிக்க மாட்டார்கள். அன்றைக்கு எந்த எஞ்சின் எந்தப் படகில் நின்றது என்று மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், சின்னவனின் மனைவிக்கும் தெரியும். இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த அக்காவுக்கும் இந்த வழக்கம் தெரியாததில்லை. ஆனால் அவருடைய கணினிப் படகுக்குள் எஞ்சின் இருந்தது. உள்ளே இருப்பதை எவரும் போய்க் கேட்பதில்லை.

அக்கா மண்டபத்துக்கு வந்து கணினிக்குள் எஞ்சினை மாற்றித் திரும்ப ஓட்டினார். சின்ன எஞ்சினோடு அந்தப் படகு காற்று எழும்பிய நேரத்தில் பாதிவழியும் தாண்டியிருக்கவில்லை. அங்கிருந்து இழுபட்டு, இப்போது பின்னேரமாகிவிட்டதால், வேறு ஒரு திசையில், வெகுதூரத்தில் நின்றது. வந்த படகுகள் மண்ணெண்ணெய் நிரப்பி அந்தப் புது இடத்துக்கு ஓடின. அடுத்த நாள் காலை அங்கே மிதந்துகொண்டிருந்த ஒரு கலனைக் கண்டெடுத்தார்கள். சின்னவனுடைய கலன். அக்கா இந்த முறை சரியாகச் சொல்லியிருந்தார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பிறகு சில நாள் கழித்துக் கவிழ்ந்த படகு அகப்பட்டது. அதில் ஆள் இல்லை, கடைசிவரை அகப்படவும் இல்லை.

கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். சவக்காலையில் புதைக்க உடல் இருக்கவில்லை, ஆகவே பூசை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குத்தான் போனோம்.

பூசைக்குப் பிறகு ஒருநாள் அக்கா கடைக்கு வந்தார். நான் வாய்க்கு வந்த ஆறுதலை எல்லாம் சொன்னேன். கடல், காற்று, விதி, ஆண்டவன் என்று. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"எஞ்சினை வேற ஒரு பொருளாச் செய்து, ஒவ்வொரு நாளும் எந்தப் படகில நிக்குதோ அதில கொழுவியிருக்கோணும். இது முதலாம் வருசப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். படகும் எஞ்சினும் ஒண்டாத்தானே நிக்குது எண்டு உள்ள போட்டிட்டன்."

"அக்கா, நீங்கள் வேணுமெண்டு..."

"முதல் எழுதின பழசா இருந்திருந்தா அது கேட்டிருக்கும் தம்பி. எஞ்சின் என்ன எண்டு கேட்டிருக்கும். நான் திரும்பி, தூணோட இருந்த சின்னவன்ர மனுசியைப் பாத்துக் கேட்டிருப்பன். அவள் சொல்லியிருப்பாள். ஒரு சொல்லுத்தான்."

நான் அவருக்குத் தேத்தண்ணி சொன்னேன்.

கரையில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். நாலு பேர் வந்து வளவுக்குள் மண் அள்ளித் தூற்றியிருந்தால் ஒருவேளை தேறியிருப்பார். மாறாக, "உங்கட கொம்பியூட்டர் இல்லாட்டி அந்தக் கலனும் அகப்பட்டிராது அக்கா" என்று வந்து நன்றி சொன்னார்கள். அடுத்த மாதமே ஒருவன் வலை போய்விட்டதென்று வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அக்கா அவனிடம் எஞ்சின், பாரம், ஆள், கயிறு என்று கேட்கத் தொடங்கி, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் அவன் பயந்துபோய் எழும்பிப் போய்விட்டான். தாயார் சட்டிகளின் நூலை எல்லாம் ஒருநாள் கத்தரித்து எறிந்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

நான் அந்த வீட்டுக்குக் கடைசியாகப் போனது, அவர் தரச் சொன்ன ஒரு பழைய கணினித் திரையை எடுத்துவர. நான் நிற்கும்போதே அடுத்த வளவிலிருந்து சின்னவனின் மனைவி வந்தாள். கறுப்பு உடுப்பு. கதிரையில் இருக்கச் சொன்னதற்கு இருக்கவில்லை.

"மச்சாள், ஒண்டு கேக்கவோ?"

"கேளும்."

"முதல் நாள் காலமை எங்கட படகுகள் தேட வெளிக்கிடேக்க அவர் எந்த இடத்தில நிண்டிருப்பார்? உதில பாத்தாத் தெரியுமெல்லோ?"

அக்கா என்னைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லுங்கள் என்று நான் கண்ணாலே மன்றாடினேன். வேறு எந்த மனிதராக இருந்தாலும் சொல்லியிருப்பார். கணினி பழுது என்று நானே எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மடிக்கணினியைத் திறந்துவிட்டார். ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை, அந்த இடம் அவருக்கு மனப்பாடம். எத்தனை தடவை தனியே ஓட்டிப் பார்த்தாரோ. திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

"இது கரை. இது எங்கட படகுகள் போன பாதை. இதில அவன்."

இரண்டும் தொட்டுக்கொள்ளவில்லை, ஆனால் நடுவில் பெரிய தூரமும் இல்லை.

அவள் குனிந்து வடிவாகப் பார்த்தாள். "எங்கட ஆக்கள் காணேல்லை."

"அலை பெரிசு. படகு பள்ளத்துக்குள்ள இறங்கினாத் தெரியாது. நாங்கள் தூரத்தை நினைச்சுக்கொண்டு ஓடினது. ஒருத்தரும் பக்கத்தில பாக்கேல்லை. நான்தான் பாக்கச் சொல்லேல்லை."

அவள் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். குசினிக்குள் தாயாரின் அகப்பைச் சத்தமும் நின்றுவிட்டது.

"அவருக்கு எங்கட எஞ்சின் சத்தம் கேட்டிருக்குமோ மச்சாள்?"

அக்கா திரையைத் திரும்பப் பார்த்தார். பொய் தேடுகிறார் என்று ஒரு கணம் நம்பினேன், கடவுளே கிடைக்கட்டும் என்று வேண்டினேன். அவர் காற்று எந்தப் பக்கம் என்று யோசித்திருக்கிறார்.

"காற்று கரைப்பக்கத்தால அவனைப் பாத்துத்தான் அடிச்சது," என்றார். "ஓம். கேட்டிருக்கும்."